இடப்பக்கத்து ஸ்டீயரிங்

அத்தியாயம் ஒன்பது

காரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, பெல்ட்டையும் இழுத்து மாட்டிய பிறகுதான், தனக்கு எதிரே ஸ்டீயரிங் இல்லை என்பதை அக்கா கவனித்தாள்.

வெளியே தம்பி மனைவி, மாவுக்கட்டுப் போட்ட வலக்கையை மார்போடு அணைத்தபடி, அதே கதவருகில் நின்றாள். அது தன்னுடைய இடம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நாத்தனாரிடம் எதையேனும் முதலில் சொல்லும் துணிச்சல், இந்தச் சில நாள்களில் அவளிடம் மிச்சமில்லாமல் போயிருந்தது.

அக்கா பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினாள். இறங்கியதற்கு ஒரு காரணம் வேண்டுமே. குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு பின்சக்கரத்தைப் பார்த்தாள். அப்படியே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எல்லாச் சக்கரங்களையும் சோதித்து முடித்தவளைப்போல் இடப்பக்கக் கதவுக்கு வந்து சேர்ந்தாள்.

“காத்து சரியா இருக்கு,” என்றாள், யாரிடமும் அல்லாமல்.

அன்று காலை முதல் அந்த இருவருக்கிடையில் புழங்கிய சொற்கள் அவ்வளவே.

விபத்து என்ற செய்தி கேட்டு அக்கா விமானமேறி வந்திருந்தாள். தம்பி இந்த நாட்டில் நகரப் பேருந்து ஓட்டுகிறான். விடுமுறை நாளொன்றில் தம்பியும் மனைவியும் தங்கள் காரில் போகும்போது, ஆளில்லாத சாலையில் வண்டி தடம் மாறி ஒரு கம்பத்தில் மோதிற்று. தம்பியின் மேற்கை எலும்பு நொறுங்கிவிட்டது. அவளுக்கு மணிக்கட்டோடு போயிற்று. வண்டியை ஓட்டியது தான்தான் என்று அவளே போலீஸாரிடம் சொன்னாள், அக்காவிடமும் சொன்னாள்.

சொன்னது போதாதென்று கண்ணாலும் பார்த்தாகிவிட்டது. வந்த அன்று மாலை, ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவளுக்கு உதவப் போனபோது, அவளுடைய வலது தோளில் தொடங்கி மார்பின் குறுக்கே இறங்கிய கருநீலத் தடத்தை அக்கா கண்டாள். பெல்ட் அழுத்திய தடம். வலது தோள், ஓட்டுகிறவருடைய தோள். பொத்தானைப் போட்டுவிட்டாள். பேச்சையும் அத்தோடு பூட்டிவிட்டாள்.

ஊரில் அக்கா நடத்துவது கார் ஓட்டப் பழக்கும் பள்ளி. தம்பிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவளும் அவளே. அவனுடைய கையை இன்னொருத்தியின் கவனக்குறைவு உடைத்ததை அவளால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

தம்பியை வைத்திருப்பது அடுத்த நகரத்துப் பெரிய மருத்துவமனையில். பகல் இரண்டு மணிக்கு எலும்பில் தகடு வைக்கும் ஆபரேஷன். அக்காவைப் பார்த்த பிறகே உள்ளே போவேன் என்று அவன் காலையில் போனில் அடம்பிடித்திருந்தான். தண்டவாளப் பழுதால் ரயில் ஓடவில்லை. நொறுங்கிய காருக்கு மாற்றாக இன்சூரன்ஸ்காரர்கள் கொண்டுவந்து நிறுத்திய வாடகைக் கார் வாசலில் நின்றது. ஓட்டத் தெரிந்தவளுக்குக் கையில் கட்டு. வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதிச் சீட்டைக் கையோடு எடுத்துவந்திருந்தவள் அக்கா ஒருத்திதான். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவந்தது, இப்படி எதற்கோ ஆகிவிட்டது.

நடுத்தர அளவுக் கார் என்று அதைச் சொன்னார்கள். பயிற்சிப் பள்ளியின் காரை மடித்து இதன் பின்பெட்டியில் வைத்துவிடலாம்போல் இருந்தது. சாவி நுழைக்கத் துளை இல்லை. பொத்தானை அழுத்தினால் உறுமுகிறது. ஹேண்ட் பிரேக் இருக்கவேண்டிய இடத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு விசை. கியர்த் தண்டு இல்லை. அடுப்புக் குமிழைப்போல் ஒன்றைத் திருகவேண்டுமாம். கிளட்ச் இல்லவே இல்லை.

தம்பி மனைவி தன் கைப்பேசியைக் காரோடு இணைத்தாள். முன்பலகைத் திரையில் வரைபடம் விரிந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண்குரல் அந்த ஊர் மொழியில் வழிசொல்லத் தொடங்கிற்று. அந்த மொழியில் அக்கா கற்றிருந்தவை ஆமாம், இல்லை என்னும் இரண்டு சொற்கள் மட்டுமே. ஆகவே குரல் சொல்வதைத் தம்பி மனைவி தமிழாக்கிச் சொன்னாள்: “வலது.” “நேர.” அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

தெருமுனையில் வேகத்தைக் குறைக்க அக்காவின் இடக்கால், ஆண்டுக்கணக்கான பழக்கத்தில், கிளட்ச்சைத் தேடி இறங்கியது. அங்கே இருந்ததோ அகலமான பிரேக். வண்டி கட்டிப்போட்ட மாடு இழுபட்டதைப்போல் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

திரும்புவதற்கு இண்டிகேட்டரைப் போட்டாள். கண்ணாடியில் வைப்பர் ஆடியது. வானத்தில் மேகம்கூட இல்லை.

முதல் சிவப்பு விளக்கில் நின்றவுடன் என்ஜின் தானாகவே அணைந்தது. அக்காவுக்கு முகம் சிவந்தது. சிக்னலில் வண்டியை அணையவிடும் மாணவர்களை அவள் மறுபடி அடிப்படைப் பாடத்துக்கே அனுப்பிவிடுவாள். பொத்தானை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அது அப்படித்தான் அண்ணி. பெட்ரோல் மிச்சம் பண்ண அதுவா அணைஞ்சுக்கும். பிரேக்லேர்ந்து கால எடுத்தா அதுவா வரும்.”

“தெரியும்,” என்றாள் அக்கா. தெரியாது.

நகரத்தைத் தாண்டும் வரை அவள் வாய் ஓயவில்லை. பயிற்சிப் பள்ளியில் மாணவர்களுக்குப் போடும் கட்டளைகளைத் தனக்கே போட்டுக்கொண்டு ஓட்டினாள். கண்ணாடி பார், தோளுக்குப் பின்னால் பார், அவசரப்படாதே, யாரும் உன்னைத் துரத்தவில்லை.

“நான் அவசரப்படலயே அண்ணி,” என்றாள் தம்பி மனைவி.

“உன்னச் சொல்லல.”

வண்டியின் உடம்பு முழுவதும் தனக்கு வலப்புறம் கிடப்பதை அக்காவின் உடல் ஏற்க மறுத்தது. ஓட்டுகிறவளுக்கு இடப்புறம்தானே வண்டி இருக்கவேண்டும்? அவள் தன்னை அறியாமல் வலப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போனாள். நடைபாதையின் விளிம்பு சக்கரத்தை உரசும்போதெல்லாம், தம்பி மனைவி மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு கதவுப்பிடியைப் பற்றினாள். ஆனால் வாய் திறக்கவில்லை. நெடுஞ்சாலையில் இன்னொரு தொல்லை: வண்டி வெள்ளைக்கோட்டை நெருங்கினால் ஸ்டீயரிங் தானாகவே கையைப் பிடித்து இழுத்தது. ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தனக்கு ஒரு கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறதே என்று அக்காவுக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சலுக்கு அடியில் பயம். உள்ளங்கை வியர்த்து, ஸ்டீயரிங்கின் தோல் வழுக்கியது. கடிகாரத்தைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் சாலை நகர்ந்துவிடுமோ என்று அதையும் பார்க்கவில்லை.

நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் ஒரு ரவுண்டானா வந்தது.

அக்கா நிதானமாகத்தான் அணுகினாள். வலப்புறம் பார்த்தாள், ஒன்றுமில்லை. உள்ளே நுழைந்தாள்.

இந்த ஊரில் வண்டிகள் வருவது இடப்புறமிருந்து.

ஒரு பால் லாரி, வீட்டுச் சுவர் ஒன்று பெயர்ந்து வருவதைப்போல், அவளுடைய கதவை நோக்கி வந்தது. அக்காவின் இரு கால்களும் ஒருசேரப் பிரேக்கில் இறங்கின. டயர்கள் கத்தின. லாரி, முன்பக்கத்தை மயிரிழையில் தவிர்த்து, நீளமாக ஹாரனை இழுத்துக்கொண்டு கடந்துபோனது.

பெல்ட் பூட்டிக்கொண்டு அக்காவின் இடது தோளெலும்பை அறுத்தது.

பக்கத்தில் தம்பி மனைவி முனகினாள். கட்டில்லாத கையால் தன் வலது தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடி, உதட்டைக் கடித்தாள். ஆறாத கன்றலின் மேலேயே பெல்ட் மீண்டும் விழுந்திருந்தது.

அக்கா அவளைப் பார்த்தாள். அவளுடைய வலது தோளைப் பார்த்தாள். பிறகு எரிந்துகொண்டிருந்த தன் இடது தோளை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

பின்னால் வண்டிகள் சேர்ந்தன. எப்படியோ ரவுண்டானாவைச் சுற்றி வெளியேறி, சாலையோரம் சரளைக்கல் பரப்பிய ஒதுக்கிடத்தில் காரை நிறுத்தினாள். அடுப்புக் குமிழைத் திருகினாள். நகமளவு விசையை இழுத்தாள். எல்லாம் சரியாகச் செய்தாள்.

ஊரில் ஓட்டுகிறவர் வலப்பக்கம் உட்காருகிறார். பெல்ட் வலது தோளில் விழுகிறது. இங்கே ஓட்டுகிறவர் இடப்பக்கம். பெல்ட் இடது தோளில். வலது தோளில் தடம் வாங்கியவள் இந்த நாட்டில் ஓட்டியிருக்க முடியாது. அவள் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே இடத்தில்தான் அன்றைக்கும் உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாளும் அந்தத் தடத்தை ஊர்க் கண்ணால் பார்த்து, ஊர்ச் சட்டப்படி தண்டித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அக்காவுக்கு உறைத்தது.

“அன்னிக்கு நீ ஓட்டல,” என்றாள்.

தம்பி மனைவி கண்ணைத் திறக்கவில்லை.

“உன்னத்தான் கேக்கறேன். அன்னிக்கு ஓட்டினது அவன்.”

“போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு அண்ணி. அத விடுங்க. நேரமாகுது.”

“போலீஸ்காரன் உன் தோளப் பாக்கல. நான் பாத்தேன்.”

கடந்துபோகும் ஒவ்வொரு வண்டியின் காற்றும் காரை லேசாக அசைத்துவிட்டுப் போயிற்று. பிறகு, மடியில் கிடந்த மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே, சின்னக் குரலில் சொல்லத் தொடங்கினாள்.

“கொஞ்ச நேரம் அவர் அங்க இல்லவே இல்ல அண்ணி. கண்ணு திறந்துதான் இருந்துச்சு. கூப்பிட்டேன், உலுக்கினேன், எதுவும் ஏறல. கை ஸ்டீயரிங்லேயே இருந்துச்சு. வண்டி அது பாட்டுக்குப் போச்சு.”

மோதிய பிறகு அவனுக்கு நினைவு திரும்பியிருக்கிறது. இருவரும் இறங்கிப் புல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். உதவிக்கு யாரும் வந்து சேர்வதற்கு முன்னே, தொங்கிப்போன கையைப் பிடித்தபடி அவன் அவளிடம் கேட்டது ஒன்றே: ஓட்டியது நீ என்று சொல்லிவிடு. மயங்குகிறவன் என்று தெரிந்தால் பேருந்து உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். உரிமம் போனால் வேலை போகும். வேலையோடு இந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். நிரந்தர அனுமதி வர இன்னும் கொஞ்ச காலம்தான். வந்ததும் டாக்டரைப் பார்ப்பதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான்.

“இதுதான் மொதல் தடவையா?”

“இல்ல.”

“எத்தன?”

“ஒரு தடவ சமையலறைல, கெட்டில கைல வெச்சுட்டு அப்படியே நின்னார். இன்னொரு தடவ…” அவள் நிறுத்தினாள். “பஸ்ல. ஆனா பஸ் நின்னுட்டுத்தான் இருந்துச்சு அண்ணி. கடைசி ஸ்டாப். எல்லாரும் எறங்கியாச்சு.”

அக்கா ஸ்டீயரிங்கின்மேல் இருந்த தன் கையைப் பார்த்தாள். தான் ஓட்டக் கற்றுக்கொடுத்த கை; அதற்குப் பின்னால் ஒரு பேருந்து நிறைய ஆட்கள், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு. அந்த எண்ணம் முடிவதற்குள் அதைவிட அருகில் நின்ற இன்னொன்று அவளைப் பிடித்துக்கொண்டது.

“இது டாக்டருக்குத் தெரியுமா?”

“எந்த டாக்டருக்கு?”

“இன்னிக்கு ரெண்டு மணிக்கு அவனுக்கு மயக்க மருந்து குடுக்கப்போறாரே, அவருக்கு.”

தம்பி மனைவியின் முகத்திலிருந்து நிறம் வடிவதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் உரிமம், வேலை, அனுமதி என்று அடுக்கி வைத்துக் காவல் காத்தவள், இந்த ஒன்றை அந்த அடுக்கில் வைத்துப் பார்த்ததே இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது.

“போன் போடு.”

“அவர்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன் அண்ணி.”

“போடு.”

“போட்டா எல்லாமே போயிடும். அவர் என்ன மன்னிக்கவே மாட்டார்.”

“ஆள் இருந்தாத்தானே மன்னிக்கறதுக்கு,” என்றாள் அக்கா. சொன்ன பிறகு அது கொஞ்சம் கடுமையாக விழுந்துவிட்டதாகத் தோன்றியது. குரலைத் தணித்துக்கொண்டாள். “நீ ஏன் என்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லயே,” என்றாள் தம்பி மனைவி. “வந்த அன்னிக்கு என் பொத்தானப் போட்டுவிட்டீங்க. அதுக்கப்புறம் என் மூஞ்சியக்கூடப் பாக்கல.”

பயிற்சிப் பள்ளி மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் அக்காவைப் ‘பிரேக் அக்கா’ என்று அழைப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரியாததைப்போல் இருப்பது வகுப்பின் ஒழுங்குக்கு நல்லது என்று விட்டுவைத்திருந்தாள். தேவையில்லாத இடத்திலும் ஓங்கி மிதித்துவிடும் பழக்கம் வண்டிக்கு வெளியிலும் தனக்கு உண்டு என்று இதுவரை அவளிடம் யாரும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

தம்பி மனைவி இடக்கையால் எண்ணை அழுத்தினாள்.

காரின் ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலும் மணி அடித்தது. ஒரு பெண்குரல் எடுத்தது. இன்னொரு குரலுக்கு மாற்றியது. பிறகு ஓர் ஆண்குரல் வந்தது. தம்பி மனைவி பேசினாள். முதலில் தடுமாறி, பிறகு வேகமாக. அக்கா ஒவ்வொரு ஒலியையும் காதால் பற்றிக்கொள்ளப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஆண்குரல் கேள்வி கேட்டது. தம்பி மனைவி, இல்லை என்றாள். மறுபடி ஒரு கேள்வி. மறுபடியும் இல்லை என்றாள். என்ன இல்லை? மயக்கம் இல்லையா, மருந்து இல்லையா, ஓட்டியது நான் இல்லையா? மூன்றாவது கேள்வி நீளமாக வந்தது. தம்பி மனைவி உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, ஆமாம் என்றாள்.

அழைப்பு முடிந்தது.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“மூணு தடவயும் சொல்லிட்டேன். இன்னிக்கு ஆபரேஷன் கிடையாது, மொதல்ல தலையப் பாக்கணும்னு சொல்றார். அவர வார்டுக்கே திருப்பிக் கொண்டுபோறாங்களாம்.” சற்றுப் பொறுத்து, “காரு ஓட்டினது யாருன்னும் கேட்டார்,” என்றாள்.

அதற்கு என்ன பதில் சொன்னாய் என்று அக்கா கேட்கவில்லை. அந்த ஒன்றை அவளே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். கண்ணாடியைப் பார்த்தாள், முதலில் இடப்புறம், பிறகு வலப்புறம். வண்டி சரளைக்கல்லிலிருந்து சாலைக்கு ஏறியது. இந்தத் தடவை வைப்பர் ஆடவில்லை.

மருத்துவமனையின் உயரமான கட்டடம் தொலைவில் தெரியத் தொடங்கியபோது, திரையில் வரைபடம் மறைந்து தம்பியின் முகம் தோன்றியது. ஏதோ ஒரு கடற்கரையில் எடுத்த பழைய சிரிப்பு. வண்டி முழுவதும் மணி அடித்தது.

“எடுக்காதீங்க அண்ணி.”

அக்கா கட்டைவிரலை ஸ்டீயரிங்கின்மேல் நகர்த்தி, பச்சைப் பொத்தானைக் கண்டுபிடித்து அழுத்தினாள்.

“ஏன் என்னத் திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க?” தம்பியின் குரல் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே சமயத்தில் வந்தது. “ஆபரேஷன் இல்லங்கறாங்க. ஏதோ ஒரு டாக்டர் வந்து எத்தன தடவ மயங்கினீங்கன்னு கேக்கறார். யார் சொன்னா? நீதான சொன்ன? அக்காவுக்கும் சொல்லிட்டியா?”

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அவ சொல்லலடா,” என்றாள் அக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னது நான்.”

“உனக்கு இந்த ஊர் பாஷ தெரியாதேக்கா.”

அக்கா வாழ்க்கையில் தம்பிக்காக எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். தம்பியிடமே சொன்ன முதல் பொய் இப்படி நடுச்சாலையில் நின்றுபோயிற்று. ஒலிபெருக்கியில் கட்டில் கிரீச்சிட்டது. குளுக்கோஸ் பாட்டில் மாட்டிய சக்கரக் கம்பி தரையில் உருளும் ஓசை. தொலைவில் ஒரு பெண் உரத்த குரலில் எதையோ சொன்னாள். பிறகு இன்னும் உரக்க, கேள்வியைப்போல் வேறெதையோ சொன்னாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது. திரையில் மறுபடி வரைபடம் வந்தது.

“யாரு அது? நர்ஸா?”

தம்பி மனைவி தலையசைத்தாள்.

“என்ன சொன்னா?”

“எழுந்திரிக்காதீங்கன்னு சொன்னா அண்ணி.” அவள் குரல் காற்றைப்போல் வந்தது. “அப்புறம், எங்க போறீங்கன்னு கேட்டா.”